விதை பிடிக்காத தொட்டி

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூரிலிருந்து சைக்கிள் மிதித்தால் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு விதைப்பண்ணையில் எனக்குக் களப்பணியாளர் வேலை. சொந்த ஊர் தாமிரபரணிக் கரை. வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. உத்திரமேரூரில் ஒரு வீட்டின் பக்கவாட்டு அறையை வாடகைக்குப் பிடித்திருந்தேன். வீட்டுக்காரர்களுக்கு வாசல் கிழக்கே, எனக்கு வடக்கே. அவர்கள் குழம்பு தாளிக்கிற வாசனை வரும், பிள்ளைகள் சண்டை போடுகிற சத்தம் வரும், ஆள் மட்டும் வரமாட்டார்கள். குறை சொல்லவில்லை. நானும் போய்ப் பழகுகிற ஆள் கிடையாது. வாயைத் திறந்தால் என் தெற்கத்திப் பேச்சைக் கேட்டுப் பண்ணைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் பேச்சையே குறைத்துக்கொண்டேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில், பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பாய் கடையில் "ஒரு டீ" என்று சொன்னதுதான் அன்றைக்கு நான் பேசிய மொத்தப் பேச்சாக இருக்கும்.

ஆனால் வேலையில் நான் கெட்டிக்காரன். தற்பெருமைதான், இருக்கட்டும். விதைக்காக வளர்க்கிற நெல்வயலில் வேறு ரகப் பயிர் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலந்து நிற்கும். ஒன்று தலைதூக்கி உயரமாக நிற்கும், ஒன்று நாலு நாள் முன்னாடியே கதிர் தள்ளும், ஒன்றுக்கு நெல் நுனியில் மீசை இருக்கும். அவற்றைக் 'கலவன்' என்போம். அவை பூத்து மற்றதோடு கலப்பதற்குள் வேரோடு பிடுங்கி வரப்புக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட வேண்டும். அப்போதுதான் விதை சுத்தம். மற்றவர்கள் குனிந்து குனிந்து தேடுவதை நான் வரப்பில் நடந்தபடியே கண்டுபிடித்துவிடுவேன். சான்று கொடுக்க வருகிற அதிகாரி என் வயலைப் பார்த்து, "கத்திரிக்கோலால வெட்டிவிட்ட மாதிரி நிக்குதய்யா" என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அதற்கப்புறம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பண்ணைக்குத் தெற்கே ஒரு தாங்கல் இருந்தது. தாங்கல் என்றால் இந்தப் பக்கத்தில் சின்ன ஏரி. ஒரு தை மாதம் சென்னையிலிருந்து, ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற அம்மா ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாங்கலில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றதைப் பார்த்து எங்கள் பண்ணையே வேடிக்கை பார்த்தது. அவர் தேடி வந்தது ஒரு நீர்ச்செடி. இலை அல்லி இலை போல வட்டமாக மிதக்கும், ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பூ வெள்ளை, நடுவில் மஞ்சள். இதழ் ஓரமெல்லாம் துண்டின் ஓரத்தில் நூல் பிரிந்தது போல இழை இழையாக இருக்கும். ஊரில் அதற்குத் தனியாகப் பெயர்கூட இல்லை, எல்லாம் அல்லிதான். பல வருஷமாக எத்தனையோ ஏரி குளங்களில் தேடியும் அவருக்கு அது இந்தத் தாங்கலில்தான் கிடைத்திருந்தது.

அந்தக் கோடையில் தாங்கலின் மண்ணைச் செங்கல் சூளைக்கு வெட்டப்போகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். சொன்னதும் அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. மேலாளரிடம் கேட்டு, பம்ப் செட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த மூன்று சிமென்ட் தொட்டிகளை வாங்கினார். நானும் அவரும் இரண்டு நாள் தண்ணீரில் நின்று, தாங்கலின் நாலு மூலையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் செடிகளைச் சேற்றோடு பெயர்த்துத் தொட்டிகளில் நட்டோம். அட்டை கடித்த இடத்தில் புகையிலையைத் தேய்த்துவிட்டு அவர் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தார். ஆராய்ச்சிக்காக வடக்கே போகிறாராம், வர ஒன்றரை வருஷம் ஆகுமாம். போகும்போது என்னிடம், "இதை உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். தண்ணி மட்டும் குறையாம பாத்துக்கோங்க, போதும்" என்றார்.

என்னை நம்பி ஒருவர் ஒன்றை விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. தண்ணீர் ஊற்றுவதோடு நிற்குமா என் கை? காலையில் பண்ணைக்கு வந்ததும் முதலில் தொட்டியைத்தான் எட்டிப் பார்ப்பேன். பாசியை வழித்து எறிவேன். எருமை வந்து வாய் வைத்துவிடாமல் முள்ளை வெட்டி வந்து வேலி கட்டினேன். தாங்கலில் சித்திரையில் மண் வெட்ட ஆரம்பித்தார்கள். ஆடி மழைக்கு அந்தப் பள்ளத்தில் செந்நீர் நின்றது, ஒரு இலை மிதக்கவில்லை. இனி அந்தத் தாங்கலின் செடி என்றால் என் மூன்று தொட்டிதான் என்று நினைக்கையில் எனக்குள் ஒரு மிதப்பு.

அந்த மிதப்பில்தான் செய்தேன்.

ஆவணியில் தொட்டி நிறையப் பூத்தது. காலை ஏழு மணிக்கு விரியும், பகல் உச்சிக்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும், அவ்வளவுதான் அந்தப் பூவின் ஆயுள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் பாழாய்ப்போன கண் அதைக் கண்டுபிடித்துவிட்டது. பூவெல்லாம் ஒன்றுபோல இல்லை. பெரும்பாலான பூக்களில் நடுவில் இருக்கிற சூல்தண்டு உயரமாக நீட்டிக்கொண்டு நின்றது, மகரந்தம் கீழே ஒடுங்கிக் கிடந்தது. கொஞ்சம் பூக்களில் இது தலைகீழ். மகரந்தம் மேலே, தண்டு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. புரிவதற்காக நெடுந்தண்டு, குறுந்தண்டு என்று சொல்லிக்கொள்கிறேன். பத்துக்கு இரண்டு மூன்று செடிதான் குறுந்தண்டு. பூவும் ஒரு நூல் சிறிது.

எனக்கு வேறென்ன தோன்றும்? கலவன்! அந்த அம்மா பாவம், படித்தவர், ஆனால் வயல் அனுபவம் இல்லை, நல்லதையும் கெட்டதையும் சேர்த்து நட்டுவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது மூன்று தொட்டியும் ஒரே சீராக, சுத்தமான ரகமாக நிற்க வேண்டும், பார்த்து அசந்துபோக வேண்டும் என்று முடிவு செய்தேன். மூன்று நாள் காலையில், பூ மூடுவதற்குள், ஒவ்வொரு செடியாகப் பார்த்துப் பார்த்துக் குறுந்தண்டை வேரோடு பிடுங்கினேன். நாளுக்கு ஒரு கூடை. கொண்டுபோய் எருக்குழியில் கொட்டிச் சாணத்தைப் போட்டு மூடினேன்.

பண்ணைப் பெண்களுக்கு முன்னத்தி ஆளாக நின்று வேலை வாங்கிய ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னா சார், பூத்துக்கினு கீற செடியப் போயி பிடுங்கறே?"

நான் சிரித்தேன். நெல்வயலில் சொல்கிற அதே பாடத்தை நின்று விளக்கமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "நெல்லு நாம துண்றதுக்கு சார். இத்த யாரு துண்ணப் போறா?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எழுத்து தெரியாதவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது. என் தொட்டி பார்க்க அவ்வளவு அழகு. எல்லாப் பூவும் ஒரே அச்சு. ஆனால் ஒரு விதை பிடிக்கவில்லை. பூ மூடியதும் காம்பு வளைந்து தண்ணீருக்குள் போகும், நாலு நாளில் அழுகி உதிரும். எரு போதவில்லையோ என்று கரைத்து ஊற்றினேன். வெயில் போதவில்லையோ என்று மேலே சாய்ந்திருந்த கிளையை வெட்டினேன். தேனீ வரவில்லையோ என்று பார்த்தால் அது பாட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தது.

மார்கழியில் அந்த அம்மாவிடமிருந்து ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். நலம் விசாரித்துவிட்டு, விதை பிடித்ததா என்று கேட்டிருந்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி எளிமையாக எழுதியிருந்தார். இந்தச் செடியில் இரண்டு வகைப் பூ உண்டு. தன்னுடைய மகரந்தத்தைத் தானே ஏற்காது. தன்னைப் போலவே இருக்கிற இன்னொரு பூவினுடையதையும் ஏற்காது. தன்னிலிருந்து மாறுபட்ட அந்த இன்னொரு வகையிலிருந்து வந்தால்தான் விதையாகும். விதையிலிருந்து வருகிற கன்றுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஒன்று வறட்சியைத் தாங்கும், ஒன்று நோயைத் தாங்கும். வெறும் வேரிலிருந்து பெருகினால் எல்லாம் ஒரே செடி மாதிரிதான், ஒரு நோய் வந்தால் ஒன்றாகவே போய்விடும். கடைசியில் ஒரு கேள்வி. "இரண்டு வகையும் நன்றாக இருக்கின்றனவா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று சொல்வார்கள். குரங்கு என்றாலும் உயிராக எதையாவது பிடித்திருப்பேனே, நான் இருந்ததையும் கொன்றிருந்தேன். பக்கத்து வீட்டில் யாரோ வந்திருந்தார்கள் போல, ஒரே சிரிப்புச் சத்தம். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இதை யாரிடமாவது சொன்னால் தேவலை என்று நினைத்தேன். சொல்ல ஆள் இல்லை. விடிந்ததும் பண்ணைக்கு ஓடி எருக்குழியைக் கிளறினேன். நாலு மாதச் சாணம், கறுப்பு மண்ணாகப் போயிருந்தது.

அதோடு விட்டேனா? பதில் எழுதினேன். 'இரண்டு வகையும் நலம்.' ஏதோ பிள்ளைகளைப் பற்றி எழுதுவது போல. தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். அவர் ஆனியில் வருகிறார். அதற்குள் எங்காவது தேடிப் பிடித்துக் குறுந்தண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்பதுதான் என் எண்ணம்.

தையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு சங்கடம். பூ விரிந்திருந்தால்தான் எந்த வகை என்று தெரியும், உச்சிக்குமுன் மூடிவிடுகிறது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குளம், மிஞ்சிப்போனால் இரண்டு. இருட்டோடு கிளம்பி, தண்ணீரில் இறங்கி, துழாவி, ஏமாந்து, ஈர வேட்டியோடு கரையில் உட்கார்ந்திருப்பேன். ஆம்பல் இருக்கும், தாமரை இருக்கும், நான் தேடுவது இருக்காது. திருமுக்கூடல் பக்கம் மூன்று வாரம் அலைந்தேன். ஆறுகள் கூடுகிற இடத்தில் குடும்பம் குடும்பமாக வந்து குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்தன் சாக்குப் பையும் தடியுமாகப் பள்ளம் பள்ளமாக எட்டிப் பார்ப்பதை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மாசியில் குட்டைகள் வற்ற ஆரம்பித்தன. ஒவ்வொரு வாரமும் தேட வேண்டிய இடம் குறைந்துகொண்டே வந்தது. தொட்டியில் மட்டும் ஒவ்வொரு காலையும் ஐம்பது அறுபது பூ விரிந்து, யாருக்காகவோ காத்திருந்துவிட்டு மூடிக்கொண்டது. அதைப் பார்த்து ஒருநாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பண்ணையில் யாரும் பார்க்கவில்லை.

அப்போதுதான் வாத்துக்காரர் ஒருவர் பழக்கமானார். அறுப்பு முடிந்த வயல்களில் முந்நூறு நானூறு வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர், என் வயதுதான் இருக்கும். ஒரு குட்டையில் நான் கழுத்தளவில் நின்றபோது கரையிலிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னா சார், எதுனா தொலைச்சிட்டியா? காலீல இருந்து தேடிக்கினே கீறியே!"

கரையேறி, கழற்றி வைத்திருந்த சட்டையின் பையில் ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்த தொட்டிப் பூவைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பிடுங்கிப் போட்டது, பொய் எழுதியது உட்பட. அவ்வளவு நேரம் ஒருவரிடம் நான் பேசி ஒரு வருஷம் ஆகியிருக்கும். விதை பார்க்க நான் வைத்திருக்கும் லென்ஸை வாங்கிப் பூவை உற்றுப் பார்த்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பூவுக்கு மூக்கு நீட்டமா கீதா மொட்டையா கீதான்னு பாக்க கவுருமெண்டு சம்பளம் குடுக்குதா சார்?" என்றார். சிரித்து முடித்துவிட்டுச் சும்மா போய்விடவில்லை. "மாகறலாண்ட ஆத்தோரம் ஒரு மடு கீது. கோடையிலயும் வத்தாது. நம்ம வாத்து கய்த்துல இந்த எல மாட்டிக்கினு வந்துக்கீது. மூக்கு எப்டின்னுலாம் நான் பாக்கல" என்றார்.

அடுத்த ஞாயிறு விடியும்போது மாகறலில் இருந்தேன். செய்யாற்றங்கரையில் நாணல் புதருக்குப் பின்னால் இருந்தது அந்த மடு. சூரியன் ஏறி, பூ விரிகிறவரை கரையில் காத்திருந்தேன். முதல் பூ விரிந்ததும் இறங்கிப் பார்த்தேன். குறுந்தண்டு! அடுத்ததைப் பார்த்தேன், அதுவும். அடுத்தது, அதற்கடுத்தது. மடு முழுக்கக் குறுந்தண்டுதான், ஒரு நெடுந்தண்டுகூட இல்லை. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். பிறகுதான் தண்ணீருக்குள் கையை விட்டு வளைந்த காம்புகளைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் அழுகல். ஒன்றிலும் விதை இல்லை. அங்கே இருந்ததெல்லாம் ஒரே செடி வேர்விட்டுப் பரவியது. எத்தனை வருஷமாக இப்படித் தனியாகப் பூத்துக்கொண்டிருந்ததோ! எனக்கு அந்த மடுவை விட்டு எழுந்து வர மனம் வரவில்லை.

மூன்று செடி மட்டும் எடுத்தேன். ஈரச் சாக்கில் சுற்றி, வழியில் கண்ட கிணறுகளில் தண்ணீர் கேட்டுத் தெளித்துத் தெளித்துக் கொண்டுவந்து சேர்த்தேன். பத்து நாளில் வேர் பிடித்தது. சித்திரை முதல் வாரம் பூத்தது. ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் தொட்டு வைத்தேன். ஒரு வாரம் கழித்துத் தண்ணீருக்குள் கைவிட்டேன். காம்பு நுனியில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கெட்டியாக ஒன்று விரலில் தட்டியது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

யாரிடம் சொல்வது? வாத்துக்காரர் வாலாஜாபாத் பக்கம் போயிருந்தார். சாயங்காலம் பாய் கடைக்குப் போனேன். "பாய், விதை பிடிச்சிட்டு" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "ரொம்ப சந்தோசம் சார். இன்னா, வேர்க்கல்லையா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.

ஆனியில் அந்த அம்மா வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே தொட்டிக்குத்தான் வந்தார். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, தண்ணீருக்குள் கையை விட்டார். காயைத் தொட்டதும் முகத்தில் வந்த சிரிப்பை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. ஒரு காயைப் பிதுக்கி, கடுகு அளவு விதைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு வகையையும் எவ்வளவு அருமையா வச்சிருக்கீங்க. யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க" என்றார்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

அவர் பம்ப் செட் திண்டில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பித்தார். எழுதுவதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கம் அவருக்கு. இரண்டு வகையும் அந்தத் தாங்கலிலிருந்து எடுத்தவை, அந்தத் தாங்கலில் பிறந்த இரண்டும் சேர்ந்து பிடித்த விதை இது என்று எழுதிக்கொண்டிருந்தார். என் காதில் அது விழுந்துகொண்டே இருந்தது. நான் ஒரு விதைப்பண்ணை ஆள். மூட்டைக்குள் ஒரு ரகம் இருக்க, மேலே வேறு ரகத்தின் பெயர்ச்சீட்டைக் கட்டுவது எங்கள் தொழிலில் எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. அதைவிட, இந்த ஊரில் என்னை மதித்துப் பேசுகிற ஒரே மனுஷியும் போய்விடுவாரே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

சொல்லிவிட்டேன். தலையைத் தூக்கவே இல்லை. ஆவணியில் பிடுங்கியதிலிருந்து மாகறல் மடு வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர், "எத்தனை செடி இருந்தது?" என்று கேட்டார்.

"எண்ணலை அம்மா. மூணு கூடை."

அவர் பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தார். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னார். "நீங்க கொண்டுவந்தது இதுக்குத் துணை ஆயிடுச்சு. விதையும் வந்துடுச்சு. நல்ல காரியம். ஆனா அந்தத் தாங்கல்ல இருந்தது வேற. அந்த மண்ணுல, அந்தத் தண்ணியில எத்தனையோ காலமா வறட்சியும் வெள்ளமும் பார்த்து நின்னது. இது ஆத்தோரத்துச் செடி. அதுக்கு இது ஈடு இல்லை. அது போனது போனதுதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதுவரை, தேடிக் கொண்டுவந்து வைத்துவிட்டோம், செய்த தவறு சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுதிய வரிகளை அடித்தார். புதிதாக எழுதினார், வாய்க்குள் சொல்லிக்கொண்டே. குறுந்தண்டுச் செடிகள் தொட்டியில் வறட்சியால் அழிந்தன என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. கவலைப்படாதீங்க" என்றார்.

அவ்வளவு பெரிய மனசு. ஆனால் எனக்கு என்ன வந்ததோ, "வேண்டாம் அம்மா" என்றேன். "வறட்சின்னு எழுதாதீங்க. தண்ணி ஒரு நாளும் குறையலை. நல்லா இருந்ததை ஆள்தான் பிடுங்கிப் போட்டான்னு எழுதுங்க. என்னை மாதிரி கண்ணு கூர்மையான ஒருத்தன் நாளைக்கு இன்னொரு தொட்டிக்குக் காவலா வருவான். அவனும் இது வேற மாதிரி இருக்கேன்னு கையை நீட்டுவான். அவன் படிக்கணும்."

அவர் மறுபடியும் அந்த வரியை அடித்தார். மெதுவாக எழுதினார், முடித்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டினார். 'மாறுபட்டிருந்த காரணத்தாலேயே, காவலுக்கு இருந்தவரால் பிடுங்கப்பட்டன.' என் பெயரைப் போடவில்லை. நான் கேட்டும் போடவில்லை.

மறுநாள் அவரை மாகறலுக்குக் கூட்டிப்போய் மடுவைக் காட்டினேன். விதைகளில் பாதியைச் சென்னைக்குக் கொண்டுபோனார், பாதியை என்னிடமே விட்டார். அடுத்த வருஷம் எனக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. தொட்டிகளைப் பண்ணைப் பெண்களின் அந்த முன்னத்தி அக்காவிடம் ஒப்படைத்தேன். பிடுங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தர வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

அதன்பிறகு கல்யாணம், பிள்ளைகள், பதவி உயர்வு, ஓய்வு எல்லாம் ஆயிற்று. நெல்வயலில் கலவன் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன், அது என் தொழில், அங்கே அது சரிதான். ஆனால் வயலை விட்டு வெளியே வந்தால், யாரையாவது, எதையாவது பார்த்து 'இது சேராது' என்று சொல்லுமுன் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மா இப்போது இருக்கிறாரோ இல்லையோ, தெரியாது. என் ஆயுளில் எத்தனையோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒன்றும் நினைவில் இல்லை. எங்கோ ஒரு கல்லூரி அலமாரியில் பெயரில்லாமல் கிடக்கும் அந்த ஒரு வரிதான் என்னைப் பற்றி எழுதப்பட்டதிலேயே உண்மையானது, அதை யாராவது ஒருவன் கையை நீட்டுவதற்கு முன் படித்துவிட வேண்டும் என்று இன்றைக்கும் நான் ஆசைப்படுகிறேன்.